'குறையொன்றுமில்லை' பாட்டில் வடக்கத்திய ராகமா? இந்துஸ்தானி பக்திப் பாட்டு தமிழ்நாட்டுக்கு வந்த கதை!

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டையோ, சென்னை மயிலாப்பூரோ... கோயில் ஒலிபெருக்கியில் அடிக்கடி கேட்கும் பாட்டு 'குறையொன்றுமில்லை'. ராஜாஜி எழுதி, கடையநல்லூர் வெங்கட்ராமன் இசையமைத்து, எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடியது. வரிகள் தமிழ். ஆனா ராகங்கள்? சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி. மூன்றிலுமே இந்துஸ்தானி சாயல் உண்டு. எப்படி? பார்ப்போம்.

இந்துஸ்தானியில் பக்திப் பாட்டு என்றால் என்ன?

இந்துஸ்தானி கச்சேரியில் முக்கிய இடம் 'கயால்' என்ற வகைக்கு. அதில் பாட்டு சில வரிதான். ராகத்தை விரித்துப் பாடுவதுதான் பிரதானம். பஜனில் இது அப்படியே தலைகீழ். சொல்லும் பக்தியும் முன்னால் நிற்கும், ராகம் துணைக்கு வரும். மீரா, சூர்தாஸ், கபீர் பாடல்கள் இந்த வகை. துக்காராம், நாமதேவர் போன்றோர் மராத்தியில் பாடியவை அபங்கம். டி.வி.பலுஸ்கர் பஜனுக்கும், பீம்சேன் ஜோஷி அபங்கத்துக்கும் பேர் போனவர்கள்.

தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது?

முதல் வழி, தஞ்சாவூர். 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்து 1855 வரை அங்கே மராட்டியர் ஆட்சி. அந்தக் காலத்தில் அபங்கம் நம்ம ஊர் பஜனை மடங்களுக்குள் நுழைந்தது.

அடுத்தது, சினிமா. 1945-ல் எம்.எஸ். நடித்த 'மீரா' தமிழில் வந்தது. 1947-ல் இந்தியில் வெளியானபோது, மதுரையில் பிறந்த அவரின் குரலில் மீரா பஜன்களை வடநாடே கேட்டது. பின்னாளில் காசியின் சித்தேஸ்வரி தேவியிடம் அவர் இந்துஸ்தானி இசையும் கற்றார்.

காந்தி விரும்பிக் கேட்டதால், 1947-ல் 'ஹரி தும் ஹரோ' என்ற மீரா பஜனைப் பாடி, பதிவு செய்து அனுப்பினார் எம்.எஸ். 1948 ஜனவரி 30-ல் காந்தி சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, வானொலியில் ஒலித்தது அதே பாட்டு.

மொழி புரியாமல் எப்படிப் பிடித்தது?

கண்ணனையே கணவனாக நினைத்துப் பாடியவர் மீரா. அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே அதைத் தமிழில் செய்தவர் ஆண்டாள். அவர் ஊரான திருவில்லிபுத்தூர், வெம்பக்கோட்டை இருக்கும் இதே மாவட்டம்தான். மொழி புதுசு, உணர்வு பழசு!

அப்போ தமிழ்ப் பாட்டுக்கு இடம் குறைந்ததா?

இந்தக் கேள்வி அன்றே எழுந்தது. மேடையில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று கிளம்பியதுதான் தமிழிசை இயக்கம். சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது 1943-ல். அந்த இயக்கத்துக்குத் துணை நின்றவர்தான் மீரா பஜனும் பாடிய எம்.எஸ். அவர்கள் கேட்டது பாட்டின் மொழியை. ராகத்துக்கு ஏது மொழி? நம்ம மோகனம் வடக்கே 'பூப்', நம்ம இந்தோளம் அங்கே 'மால்கௌன்ஸ்'. ஸ்வரங்கள் ஒன்றுதான், பாடும் விதம் வேறு.

இன்றும் கர்நாடக கச்சேரியின் கடைசியில் வரும் 'துக்கடா' பகுதியில், திருப்புகழுக்குப் பக்கத்திலேயே அபங்கமும் பஜனும் வருவதைக் கேட்கலாம். அடுத்த முறை பீம்சேன் ஜோஷியின் ஒரு அபங்கத்தைக் கேட்டுவிட்டு, உடனே 'குறையொன்றுமில்லை' போட்டுப் பாருங்க. வித்தியாசமும் தெரியும், உறவும் தெரியும்.