மூவாயிரம் அடிக்குக் கீழே

ஸ்காட்லாந்தில் மலையேறுகிறவர்களுக்கு 3,000 அடி என்பது ஒரு கோடு. 1891-இல் ஹியூ மன்றோ என்பவர் அந்த உயரத்தைத் தாண்டிய சிகரங்களையெல்லாம் பட்டியல் போட்டார். இன்றைய கணக்கில் 282. ஒவ்வொன்றாக ஏறி 'டிக்' அடித்துக்கொண்டே போவது அங்கே ஒரு பித்து. பேர்பெற்ற மன்றோ மலைகளின் அடிவாரத்தில் சனிக்கிழமை கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். எனக்கென்னவோ கோட்டுக்குக் கீழே கிடக்கும் மலைகள்தான் பிடிக்கும்.

கோரிஹாபி அப்படி ஒன்று. விஸ்கிக்குப் பேர்போன டஃப்டவுனுக்குத் தெற்கே, 781 மீட்டர். எதிரே பென் ரின்னஸ் அதைவிட 60 மீட்டர்தான் கூடுதல். ஆனால் சாலையிலிருந்தே கண்ணை இழுக்கும் மிடுக்கு அதற்கு உண்டு. வருகிறவர்கள் அங்கே போய்விடுகிறார்கள். கோரிஹாபிக்கு முகவெட்டு போதாது. நீளவாக்கில் படுத்துக் கிடக்கும் மேடு, அவ்வளவுதான்.

மேடு முழுக்க ஹெதர் புதர். ஆகஸ்டில் காம்பு நெடுக மிளகைவிடச் சின்ன ஊதாப் பூக்கள். உரசிக்கொண்டு நடந்தால் மகரந்தம் தூசியாய்க் கிளம்பி பூட்ஸ் வெளுத்துப்போகும். தேன் வாசம் மூக்கில் ஏறும். தடத்தை விட்டு இறங்கினால்தான் வில்லங்கம். தண்டெல்லாம் கட்டை. அடியில் பள்ளமா, சேறா, ஓடையா, கால் வைத்த பிறகே தெரியும்.

காட்டுப் பூ என்று சொக்கிவிடாதீர்கள். இந்த மாதிரி சரிவுகளைப் பராமரிப்பது பெரும்பாலும் துப்பாக்கிக்காரர்களுக்காக. கௌதாரியைவிடச் சற்றுப் பெரிய ரெட் கிரவுஸ் பறவைக்கு ஹெதரின் இளங்கொழுந்துதான் சாப்பாடு. ஒளிந்துகொள்ள முதிர்ந்த புதரும் வேண்டும். அதனால் குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் பட்டை பட்டையாகத் தீ வைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சரிவு ஒட்டுப்போட்ட கம்பளிதான். நாரோடிய அந்தத் தழையை அரைக்க இரைப்பையில் கல் வேண்டும் என்பதால், பறவை பொறுக்கித் தின்னப் பருமணல் நிரப்பிய பெட்டிகளும் அங்கங்கே இருக்கும். ஆகஸ்ட் 12-ஆம் தேதி வேட்டை தொடக்கம். அந்தச் சமயம் போகிறவர்கள் முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. நிலம் தனியாருடையதுதான், ஆனாலும் பொறுப்பாக நடந்து செல்ல 2003-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் உரிமை தந்திருக்கிறது. தீ வைக்க உரிமம் வேண்டும் என்று 2024-இல் இன்னொரு சட்டமும் நிறைவேறியிருக்கிறது. ஹெதருக்கு அடியில் கிடக்கும் கரிச் சதுப்பு (பீட்) எரியாமல் காக்க அது போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

இன்று ஆள் வராத இந்த உச்சியில் 1819-இல் நில அளவைக்காரர்கள் கூடாரமடித்துத் தங்கியிருந்தார்கள். தலைவர் தாமஸ் கோல்பி. இங்கிருந்து புறப்பட்டு, அளவைக்குத் தோதான மலைகளைத் தேடி மூன்று வாரத்தில் 500 மைலுக்கு மேல் நடந்து திரும்பினார். வந்ததும் வேறொரு குழுவைக் கூட்டிக்கொண்டு இன்னொரு நடை. மன்றோவின் பட்டியல் வர அப்போது இன்னும் 72 வருஷம் இருந்தது. கோல்பிக்கு வேண்டியிருந்தது நாலு பக்கமும் மறைப்பில்லாத பார்வை. அது கோரிஹாபியில் தாராளமாகக் கிடைக்கும்.