ஐந்து துறைகள், ஒரு பிள்ளை

வண்டலூர் மேம்பாலத்தின் அடியில் நின்று பார்த்தால் சுற்றுவட்டாரம் எல்லாம் ஒரே ஊராகத்தான் தெரியும். அரசுக் கணக்கில் அப்படியில்லை. பக்கத்துப் பெருங்களத்தூர் தாம்பரம் மாநகராட்சி. வண்டலூரும் ஊரப்பாக்கமும் காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்தில் ஊராட்சியாகவே இருந்து வளர்ந்தவை. கலெக்டர் ஆபீஸ் செங்கல்பட்டில். போலீஸுக்குத் தாம்பரம் ஆணையரகம்.

இங்கே எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளைக்கு மனசு சரியில்லை என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் கவனித்தால் அது பள்ளிக்கல்வித் துறை. சிகிச்சை என்றால் மக்கள் நல்வாழ்வுத் துறை. வீட்டில் அடி உதை என்றால் சமூக நலத் துறையின் கீழுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ என்றால் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டம், காவல்துறை. ஐந்தும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிள்ளையைக் கைபிடித்து அழைத்துப்போகும் ஆள்தான் இல்லை.

ஞாயிறு இரவு வயிற்றுவலி

பெரியவர்கள் “மனசு பாரமா இருக்கு” என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அது உடம்பில் வரும். ஞாயிறு இரவு தொடங்கி திங்கள் காலை பத்து மணிக்குச் சரியாகிவிடும் வயிற்றுவலி, காரணமில்லாத தலைவலி, தூக்கம் கெட்டுப்போவது, எப்போதும் எரிச்சல், நேற்றுவரை உயிராக இருந்த கிரிக்கெட்டைத் தொடாமல் இருப்பது, திடீரென்று மார்க் சரிவது. இவற்றில் ஏதோ ஒன்று ஒரு நாள் தென்பட்டால் பயப்பட வேண்டாம். பல சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் விசாரிக்க வேண்டும். “செத்துப்போகலாம்போல இருக்கு” என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே உதவி தேட வேண்டும். அதைப் பற்றி நேராகக் கேட்டால் பிள்ளை மனதில் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கும் உண்டு. அது தவறான பயம். கேட்டால் பிள்ளைக்குப் பாரம் இறங்கும்.

பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகத் தெரிந்தது. பெருநகரங்களில் அது 13.5 சதவீதம். நாற்பது பேர் உள்ள வகுப்பறையில் மூன்று முதல் ஐந்து பேர். பெரியவர்களுக்கு வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்குகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். எட்டாம் வகுப்பைக் கோட்டைவிட்டால் அப்புறம் துரத்திப் பிடிப்பது கஷ்டம்.

வேன் வருகிறது, பிள்ளை போவதில்லை

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். உயரம், எடை, கண், பல், ரத்தசோகை என்று வரிசையாகப் பார்ப்பார்கள். வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. சொத்தைப் பல் வாயைத் திறந்தாலே தெரியும். சில நிமிடப் பரிசோதனையில் மனச்சோர்வு தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத் தினமும் பார்க்கும் ஆசிரியர் வேண்டும்.

அப்படியே கண்டுபிடித்தாலும் அடுத்த கட்டம் ஒரு பரிந்துரைச் சீட்டு. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டலூரிலிருந்து மின்சார ரயிலில் நேராகப் போகலாம். தூரம் பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை, ஒரகடம் தொழிற்சாலை ஷிப்டை விட்டுவிட்டு வரும் அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளம் போவது. ஓ.பி. வரிசையில் நின்று உள்ளே போனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, “ஸ்கூல்ல எப்படி இருக்கான்?” அம்மாவுக்கு அது தெரியாது. தெரிந்த டீச்சரிடமிருந்து ஒரு வரிகூட அந்தச் சீட்டில் இல்லை. டாக்டர் என்ன சொன்னார் என்பதும் டீச்சருக்குப் போய்ச் சேராது. இரண்டாவது முறை வரச் சொன்ன தேதியில் பிள்ளை வரவில்லை என்றால், ஏன் என்று கேட்க யாருமில்லை.

இப்படிப் பின்தொடர்வது முடியாத காரியமா? பக்கத்திலேயே காசநோய் மருத்துவமனையான தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. காசநோய் என்று பதிவாகிவிட்டால் 2012 முதல் இயங்கும் ‘நிக்ஷய்’ கணினிப் பதிவில் பெயர் ஏறும்; மாத்திரையை விட்டுவிட்டால் ஊழியர் வீடு தேடி வருவார். நோயாளியை விடாமல் பின்தொடர அரசுக்குத் தெரியும். பிள்ளைகளின் மனநலத்தில் இன்னும் அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: பிள்ளையின் சிகிச்சைக் குறிப்புகளைப் பள்ளியின் எமிஸ் (கல்வித் தகவல் மேலாண்மை) பதிவில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றிவிடக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஸ்டாஃப் ரூமில் “அவன் கீழ்ப்பாக்கம் கேஸ்” என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அந்தப் பிள்ளை மறுபடி வாயே திறக்காது.

பட்டியல் கைமாறியபோது

இரண்டு துறைகள் உண்மையிலேயே சேர்ந்து வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2021 செப்டம்பரில் நீட் தேர்வை ஒட்டி மாணவர்களின் மரணச் செய்திகள் வந்தபோது, தேர்வெழுதியவர்களை 104 மருத்துவ உதவி எண் மையத்திலிருந்து மனநல ஆலோசகர்களே அழைத்துப் பேசினார்கள். பின்னர் பிளஸ் 2 முடிவுகளின்போதும் இதே வழி. தேர்ச்சி பெறாதவர்களின் பட்டியலைப் பள்ளிக்கல்வித் துறை தர, சுகாதாரத் துறை போன் போட்டது. பதினேழு வயதுப் பிள்ளை தானாக ஹெல்ப்லைனை அழைக்கும் என்று காத்திருக்கவில்லை. என் கணிப்பில், எந்தப் புதிய கட்டடத்தையும்விட இது பெரிய காரியம்.

கல்வித் துறை எடுத்த சில முடிவுகளுமே மனநல சிகிச்சைதான். தோற்றவர்கள் ஓராண்டு காத்திராமல் சில வாரங்களிலேயே எழுதும் துணைத்தேர்வு ஒன்று. 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘ஸ்நேகா’ இதற்காக வாதாடியது. 2017-ல் மாநில ரேங்க் பட்டியலை நிறுத்தியது இன்னொன்று. மாத்திரை, கவுன்சலிங் எதுவுமில்லாமல் எத்தனையோ வீடுகளில் ரத்த அழுத்தம் குறைந்திருக்கும்.

கவுன்சலர் எங்கே?

முன்பு பள்ளிக்கல்வித் துறை நடமாடும் ஆலோசனை வாகனங்களை விட்டது. ஒரே வாகனம் பல மாவட்டங்களைச் சுற்ற வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் ஏதாவது ஓர் ஆசிரியர் கூடுதல் பொறுப்பாக இதைப் பார்க்கிறார். நல்ல ஆசிரியராகவே இருக்கட்டும். பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, எமிஸில் பதிவேற்றி முடித்த பிறகு மிச்சமிருக்கும் நேரத்தில் செய்கிற வேலையா இது?

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலை தொடர்பான சுக்தேப் சாஹா வழக்கில் 15 வழிகாட்டுதல்களைத் தந்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் குறைந்தது ஒரு தகுதிபெற்ற ஆலோசகரை வைத்துக்கொள்ள வேண்டும். சிறிய பள்ளிகள் வெளி நிபுணரோடு முறையான தொடர்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். எல்லா ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி தர வேண்டும். சட்டம் வரும்வரை இது கட்டாயம். ஜி.எஸ்.டி. சாலையோரம் பெரிய பெரிய பெயர்ப்பலகை வைத்திருக்கும் தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். ஃபீஸ் கட்டும் பெற்றோர் ஸ்விம்மிங் பூல் பற்றிக் கேட்பதுபோல இதையும் கேட்கலாம்.

கையில் இருக்க வேண்டிய எண்கள்

14416: டெலி மனஸ், 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். பெற்றோரும் அழைக்கலாம், பிள்ளையும் அழைக்கலாம், ஆசிரியரும் அழைக்கலாம். 14417 பள்ளிக்கல்வித் துறையின் உதவி மையம். கடைசி இலக்கத்தை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். வன்முறை, பாலியல் தொல்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்பதை 104-ல் கேட்கலாம். சிகிச்சையும் மருந்தும் இலவசம். வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகப் போகலாம். கற்றல் குறைபாடு உறுதியானால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. சான்றிதழ் கிடைக்க நாளாகும் என்பதால் பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, குடிநீரோடு இதையும் கேளுங்கள்: நம் பள்ளிக்கு ஆலோசகர் யார்? பிள்ளையை எங்கே அனுப்புகிறீர்கள்? போன பிள்ளைக்கு என்ன ஆனது என்று யார் விசாரிக்கிறார்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.