பொய் உருவமும் மெய்க் கனமும்

"அத்தா, இது நிஜமா?"

கைபேசித் திரையில் பூதாகாரமான விலங்கொன்றைக் கண்ட பிள்ளை இவ்வாறு வினவுகிறது. "எல்லாம் பொய், போய்ப் படி" என்பதே பெரும்பாலும் நாம் தரும் விடை. பொய் எவ்வாறு மெய்போல் தோன்றுகிறது என்பதை விளக்கினாலன்றிப் பிள்ளையின் அச்சம் தீராது; அறிவும் வளராது.

1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரம், அமெரிக்கத் தயாரிப்பாளருடன் கூட்டுச் சேர்ந்து 'காடு' என்னும் படத்தை உருவாக்கினார். விலங்குகள் வெருண்டோடி ஊர்களை அழிப்பதற்குக் காரணம், என்றோ அழிந்துபோன சடை யானைகள் மீண்டும் தோன்றியதே என்பது கதை. சடை யானைக்கு எங்கே போவது? நம் யானைகளுக்கே உரோமப் போர்வை அணிவித்து நடத்தினர். போர்வை பொய், ஆயினும் இறைவன் படைத்த அந்த உடலின் கனம் மெய்.

2010இல் வெளிவந்த ஷங்கரின் 'எந்திரன்' படத்தில் இதற்கு மாறான நிலை. நூற்றுக்கணக்கான இயந்திர மனிதர்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாக, பாம்பாக, இராட்சத மனிதனாக மாறுகின்றனர். காட்சி கண்ணைக் கவர்கிறது, கனமோ புலப்படவில்லை. சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் பக்கம் கார்த் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்வோர் இதை எளிதில் உணர்வர். அங்குள்ள இயந்திரக் கரங்கள், பளுவைத் தூக்கிச் சுழலும்போது சாயாதிருக்கத் தரையோடு முடுக்கப்பட்டிருக்கும். திரையிலோ, அத்தனை பாரத்தையும் தாங்கி அடியில் இருப்பவன் நசுங்குவதே இல்லை!

1638இல் கலிலியோ விளக்கிய உண்மை இங்கே பொருந்தும். உருவத்தை அப்படியே பத்து மடங்கு பெரிதாக்கினால் எலும்பின் குறுக்குப் பரப்பு 100 மடங்காகும். எடையோ 1000 மடங்காகிவிடும். எலும்பு தாங்காது. யானையின் கால்கள் தூண்களாக அமைந்திருப்பதன் காரணம் இதுவே.

1993இல் ஸ்பீல்பெர்க் 'ஜுராசிக் பார்க்' படத்தில் இதை நுட்பமாகக் கையாண்டார். டைனோசர் தோன்றும் முன்பே காருக்குள் இருக்கும் குவளை நீரில் வளையம் எழுகிறது. அடியில் கட்டிய கித்தார்க் கம்பியைச் சுண்டியே அதை உண்டாக்கினர். உருவம் வருமுன் கனம் வந்துவிட்டது! பின்னர் எழும் உறுமலோ குட்டி யானை, புலி, முதலை ஆகியவற்றின் குரல்களைக் கலந்து அமைத்தது. பொய்யுருவை நம்மை நம்பவைத்தவை, நாம் அறிந்த மெய்ப்பொருள்களே.

ஆகவே பிள்ளையை அதட்டாதீர்கள். அருகில் அமர்த்திக் கேளுங்கள். கால் பட்ட இடத்தில் புழுதி எழுந்ததா? நிழல் சரியாக விழுந்ததா? சுற்றி நிற்போரின் கண்கள் ஒரே இடத்தை நோக்கினவா?

இன்று கணினி இவை அனைத்தையும் பிழையின்றிச் செய்ய முயல்கிறது. "அதிசயம்" என்று கைபேசியில் வரும் படங்களை நம்மில் பெரியவர்களே நம்பிப் பிறருக்கும் அனுப்பிவிடுகிறோம். எனவே இன்னொரு கேள்வியும் வேண்டும்: இதை எடுத்தவர் யார், எங்கே, எப்போது? வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அப்பழக்கத்தைத் திரைப்படத்துப் பூதத்திடமிருந்தே பிள்ளைகள் கற்கத் தொடங்கட்டுமே!