நின்ற காரை நீர் தின்னும்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில், திருப்பாச்சூரில் ஒரு வீட்டின் பின்புறம், வேப்ப மரத்தடியில் தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். தார்ப்பாயை விலக்கினால், நீண்ட மூக்கும் சரிந்த பின்புறமும் கொண்ட ‘ஸ்டாண்டர்டு 2000’! இருபது ஆண்டுகளாக அது ஓடவில்லை. “நிறுத்தும்போது நன்றாகத்தான் ஓடிற்று, பாட்டரி போட்டால் கிளம்பிவிடும்” என்கிறார் உரிமையாளர். விலையும் குறைவு. பழுது பார்த்து ஓட்டவேண்டும் என்ற ஆசை உங்களுக்கு. வாங்கலாமா?

சேமிப்புப் பணம் முழுவதையும் விழுங்கக்கூடிய கேள்வி இது. இதற்கு விடை காணச் சிறிது வேதியியலும், ஒரு காந்தத் துண்டும், ஒரு டார்ச் விளக்கும் போதும். எப்படி என்று பார்ப்போம்.

சென்னையில் பிறந்த சொகுசுக் கார்

சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர் அருகே ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் கார் தொழிற்சாலை இயங்கி வந்தது. 1961 முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ கார்களைச் செய்த இந்நிறுவனம், 1985-இல் ஒரு சொகுசுக் காரை வெளியிட்டது. அதுவே ஸ்டாண்டர்டு 2000. அதன் உடற்கூடு, பிரிட்டனின் ‘ரோவர் எஸ்.டி.1’ காருடையது. 1977-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் காராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வண்டி அது.

உடல் புதியது, ஆனால் இதயம் பழையது. ரோவர் காரின் எட்டு சிலிண்டர் அலுமினிய எஞ்சினுக்குப் பதிலாக, பழைய ‘வான்கார்டு’ கார் மரபைச் சேர்ந்த நான்கு சிலிண்டர் எஞ்சின் இதில் பொருத்தப்பட்டது. கொள்ளளவு 1,991 கன சென்டிமீட்டர். ‘பெர்குசன்’ டிராக்டர்களிலும், ‘டிரையம்ப் டி.ஆர்.2’ பந்தயக் காரிலும் உழைத்த எஞ்சின் குடும்பம் இதுதான். கனமான உடலை இழுக்க இந்த எஞ்சின் திணறியது. பெட்ரோலும் அதிகம் குடித்தது. 1988-இல் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆகவே, இன்று மரத்தடியில் ஒரு ஸ்டாண்டர்டு 2000 கிடைப்பது அரிது. அரிது என்பதாலேயே அவசரப்படவும் தோன்றும். அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

ஒரு நீர்த்துளி செய்யும் வேலை

ஓடாமல் நிற்கும் காரைக் காலம் கெடுக்கிறது என்கிறோம். உண்மையில் அதைக் கெடுப்பது பெரும்பாலும் நீரே ஆகும். வறண்ட பாலைவனங்களில் பல பத்தாண்டுகள் கிடந்த கார்கள் துருவின்றி இருப்பதுண்டு.

இரும்புத் தகட்டின் மீது ஒரு நீர்த்துளி விழுவதாகக் கொள்வோம். துளியின் ஓரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் கரையும். நடுப்பகுதிக்கோ அது குறைவாகவே வந்து சேரும். இவ்வேறுபாட்டால் அத்துளியே ஒரு சிறு மின்கலமாகிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து அயனிகளாகக் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்களை ஓரத்திலுள்ள ஆக்சிஜனும் நீரும் ஏற்றுக்கொள்கின்றன. முடிவில் விளைவதுதான் துரு. அது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், மேலிருக்கும் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடுகிறது.

இதில் ஒரு முக்கியமான உண்மை அடங்கியிருக்கிறது. எங்கே ஆக்சிஜன் குறைவோ அங்கேதான் இரும்பு கரைகிறது. அதாவது சேற்றின் அடியில், இரு தகடுகள் இணையும் இடுக்கில், நனைந்த கம்பளத்தின் கீழ், கண்ணுக்குத் தெரியாத இடங்களிலேயே அரிப்பு ஆழமாக இருக்கும். வெளியே பளபளக்கும் பெயிண்டைப் பார்த்து விலை பேசுவோர் ஏமாறுவதற்குக் காரணம் இதுவே.

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது துருப்பிடித்தல் விரைவு பெறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் திருவள்ளூர் வட்டாரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இருப்பினும் ஓர் ஆறுதல் உண்டு. பழவேற்காடு போன்ற கடலோர ஊரில் நின்ற காருக்கு உப்புக் காற்றின் தாக்குதலும் சேரும்; உப்பு, நீரின் மின்கடத்தும் திறனைக் கூட்டி அரிப்பை விரைவுபடுத்தும். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வந்தாலே காற்றிலுள்ள உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். எனவே கார் எங்கெங்கே நின்றது என்று முதலில் விசாரியுங்கள்.

எதன் மேல் நின்றது என்பதும் முக்கியம். மண் தரையிலிருந்து ஈரம் ஆவியாகி மேலெழும். இரவில் குளிர்ந்த உலோகத்தின் மீது அது பனித்துளியாகப் படியும். காற்றுப் புகாத தார்ப்பாய் அந்த ஈரத்தை வெளியே போகவிடாது. காரைக் காக்கப் போர்த்திய பாயே அதை வேகவைத்திருக்கக்கூடும்! வேப்பஞ் சருகுகள் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள நீர்த்தாரைகளை அடைத்திருந்தால், மழைநீர் உள்ளே இறங்கியிருக்கும்.

பல்லைப் பிடித்துப் பாருங்கள்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். நாம் பணம் கொடுத்து வாங்குகிறோம், நன்றாகவே பார்க்கலாம்.

ஹெரால்டு காரில் அடியில் தனியாக ஒரு சட்டம் உண்டு. உடற்கூடு அதன் மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டது. அதனைக் கட்டிலும் மெத்தையும் போல எனலாம். மெத்தை கிழிந்தால் மாற்றலாம். ஸ்டாண்டர்டு 2000 அப்படியன்று. அதில் உடற்கூடே சட்டமாகவும் பணியாற்றுகிறது. முட்டைக்கு வலிமை அதன் ஓட்டில் இருப்பது போல, ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள மடித்த தகடுகள்தாம் அதன் முதுகெலும்பு. அவை அரிக்கப்பட்டால் காரே வலிமை இழக்கும்.

ஆகவே முதலில் கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற பகுதியைப் பாருங்கள். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை அதன் மேல் நகர்த்துங்கள். இரும்பு இருக்குமிடத்தில் காந்தம் ஒட்டும். ஓட்டையைப் பட்டி வைத்து மூடிப் பெயிண்ட் அடித்த இடத்தில் ஒட்டாது. தரைக் கம்பளத்தை உரித்துப் பாருங்கள். பின்புறம் ஸ்டெப்னி வைக்கும் குழியில் நீர் நின்ற அடையாளம் உண்டா எனக் காணுங்கள். பிறகு கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுங்கள். ஒரு கதவு தொங்கினாலோ, இடைவெளி மேலே ஒரு விதமாகவும் கீழே வேறு விதமாகவும் இருந்தாலோ, கீல் தேய்ந்திருக்கலாம். அல்லது கூடே வளைந்திருக்கலாம். ஜாக்கியால் தூக்கினாலும், உறுதியான தாங்கிகள் வைக்காமல் அடியில் தலை நீட்டவேண்டாம். துருப்பிடித்த தகட்டில் ஜாக்கி ஊடுருவிவிடும்.

சாவியைத் திருப்பாதீர்கள்

“பாட்டரி போட்டுப் பார்ப்போமே” என்பார்கள். வேண்டாம். பல ஆண்டுகள் நின்ற எஞ்சினில், பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். எண்ணெய்ப் படலமும் வழிந்து இறங்கியிருக்கும். அந்நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் பலவந்தமாகச் சுழற்றினால் வளையங்கள் முறியும்; சுவர்கள் கீறிப் பாழாகும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊறவிட வேண்டும். பின்னர் கிராங்க் தண்டின் முனையில் ஸ்பானர் போட்டு, கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்கவேண்டும். சுழன்றால் நல்ல செய்தி. சுழலாவிட்டாலும் நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. இவ்வெஞ்சினில் சிலிண்டர்கள், குளிர்நீரால் சூழப்பட்ட தனித்தனி உறைகள்; அவற்றை உருவி வேறு போடலாம். ஆனால் அவ்வுறைகளின் அடியிலுள்ள காப்புகள் கெட்டிருந்தால் நீர் எண்ணெயில் கலக்கும். அளவு குச்சியை உருவிப் பாருங்கள். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய பெட்ரோல் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக மாறி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும். எனவே எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றியாகவேண்டும். பிரேக் எண்ணெயும் ஈரம் உறிஞ்சுவதே. சாதாரண ‘டாட் 3’ வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல்தான் கொதிக்கும். நீர் கலந்தபின் அவ்வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டயர், பாட்டரி, ரப்பர் உறுப்புகள், பிரேக் சிலிண்டர்கள் எல்லாம் போயிற்று என்றே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று பத்திகள்

இப்போது ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகள் பிரியுங்கள். கடையில் கிடைப்பவை முதற் பத்தி: டயர், பாட்டரி, குழாய்கள் போன்றவை. செய்து கொள்ளக்கூடியவை இரண்டாம் பத்தி: கடைசல், வெல்டிங், டிங்கரிங் வேலைகள். காக்களூர் தொழிற்பேட்டை அருகிலிருக்க, மிட்சுபிஷி லான்சர் கார்கள் 1998-இலிருந்து உருவான வட்டாரத்தில், கைதேர்ந்த தொழிலாளர்களுக்குக் குறைவிராது. எளிதில் கிடைக்காதவையும் செய்ய முடியாதவையும் மூன்றாம் பத்தி: முன்கண்ணாடி, விளக்கு முகப்புகள், உள் அலங்காரப் பலகை முதலியன. புதுப்பேட்டையில் தேடலாம். ரோவருக்கும் இதற்கும் பொதுவானவற்றைப் பிரிட்டனிலிருந்து வரவழைக்கலாம், விலை கூடும்.

மூன்றாம் பத்தி நீளமாக இருந்தால், முதலிரண்டு பத்திகள் எவ்வளவு சிறியவையாயினும் தயங்குங்கள்.

காகிதங்களுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எண்கள் காரிலுள்ள எண்களோடு ஒத்திருக்க வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்கவேண்டும். 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள் 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கே பொருந்தும். 1985-இல் பிறந்த கார் அத்தகுதியை 2035-இல்தான் எட்டும். முன்பணம் கொடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவடையுங்கள்.

முடிவாக, கதவுகள் சீராக மூடி, அடித்தகடுகளில் காந்தம் ஒட்டி, கண்ணாடிகள் முழுமையாக இருந்தால், எஞ்சின் இறுகிப்போன காரையும் துணிந்து வாங்கலாம். எஞ்சின் இனிமையாக ஓடி, அடித்தகடு அப்பளமாக நொறுங்கினால், இனாமாகத் தந்தாலும் யோசியுங்கள். எஞ்சினை மீண்டும் கட்டிவிடலாம். நீர் தின்று தீர்த்த கூட்டை மீட்பது எளிதன்று.

ஒருவேளை வாங்காமல் திரும்ப நேர்ந்தாலும், உரிமையாளரிடம் ஒன்று சொல்லிவிட்டு வாருங்கள்: தார்ப்பாயை எடுத்துவிட்டு, காரைச் சிமெண்டுத் தரையுள்ள கூரையின் கீழ், காற்றோட்டமாக நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்து வருபவருக்காவது அந்தக் கார் மிஞ்சட்டும்.