பலாலிக்கு வந்த இரட்டை விசிறிகள்

1947 டிசெம்பர் 10. இலங்கை சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இரத்மலானையில் எழும்பிய ஒரு டகோட்டா விமானம், காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் பலாலியில் இறங்கிவிட்டுச் சென்னைக்குப் பறந்தது. தேசிய விமான நிறுவனமான எயார் சிலோனின் முதற் சேவை அது. விமானத்தின் பெயர் ‘சீதாதேவி’. இராமாயணத்துச் சீதையும் இலங்கையை விட்டுப் போனது விமானத்தில்தான். இந்தச் சீதாதேவி போகிற வழியில் யாழ்ப்பாணத்தையும் எட்டிப் பார்த்தாள்.

இரத்மலானை 1935 முதல் இயங்கிய நிலையம். பலாலியோ இரண்டாம் உலகப் போருக்காகப் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. டகோட்டாவும் போர்க்காலத்தில் படைகளுக்கெனப் பல்லாயிரக்கணக்கில் செய்யப்பட்ட விமானம்தான். அதன் சிறு சக்கரம் வாலுக்குக் கீழே இருக்கும். நிலத்தில் நிற்கையில் மூக்கு வானத்தைப் பார்க்கும். பயணிகள் மேடேறுவதுபோல நடந்துதான் முன்னிருக்கைக்குப் போகவேண்டும்.

அதை இழுத்தவை இரண்டு விசிறிகள். ஜெட் இயந்திரம் கொஞ்சக் காற்றை மிக வேகமாகப் பின்னே தள்ளும். விசிறி நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும். குறைந்த வேகத்தில் எரிபொருளை மிச்சம்பிடிப்பது விசிறிதான். நீளம் குறைந்த ஓடுபாதையிலும் அது எழும்பிவிடும். பலாலிக்கும் சென்னைக்கும் இடையே சுமார் 350 கிலோமீற்றர். உயர ஏறி முடிய இறங்கத் தொடங்கவேண்டிய அந்தத் தூரத்தில் ஜெட்டின் வேகத்துக்குப் பெரிய வேலை இல்லை.

1964இல் எயார் சிலோனுக்கு அவ்ரோ 748 வந்தது. அதிலும் இரண்டு விசிறிகள். ஆனால் அவற்றைச் சுழற்றியது சுழலி இயந்திரம். பெரிய ஜெட்களுக்கு இரத்மலானை போதாமற்போக, வெளிநாட்டுச் சேவைகள் அறுபதுகளின் இறுதியில் கட்டுநாயக்கவுக்கு மாறின. 1978 செப்டெம்பர் 7 அன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரத்மலானையில் நின்ற அவ்ரோ ஒன்று குண்டுவெடித்து எரிந்தது. அடுத்த ஆண்டு எயார் சிலோனின் இடத்துக்கு எயார் லங்கா வந்தது. அதன் தளம் கட்டுநாயக்க. உள்நாட்டுப் போர்க்காலத்தில் பலாலி மீண்டும் படைத்தளமாகியது.

2019 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற புதுப்பெயரோடு பலாலி திறந்தது. அன்று சென்னையிலிருந்து வந்திறங்கியது ஏடிஆர் 72. டகோட்டாவின் சிறகு உடலின் அடியில். இதன் சிறகு பயணிகளின் தலைக்கு மேல். வாலடியில் இருந்த சிறு சக்கரம் இப்போது மூக்குக்குக் கீழே. விசிறி மட்டும் அன்றுபோல இரண்டுதான்.