உங்களுக்குத் தெரியுமா? குறிகளால் தேடிய காலம்

இணையத் தேடுபொறிகள் பிறவாத 1980களின் பிற்பகுதியிலேயே, டில்லியில் மத்திய அரசின் ‘நிஸ்ஸாட்’ என்னும் தகவல் திட்டம், யுனெஸ்கோ உருவாக்கிய ‘சிடிஎஸ்/ஐசிஸ்’ மென்பொருளை நமது நூல்நிலையங்களுக்கு வழங்கி, மௌஸின் சகாயமின்றி, விசைப்பலகையில் தட்டும் குறிகளாலேயே ஆயிரக்கணக்கான நூற்குறிப்புகளைச் சோதிக்கும் வித்தையைத் தேசமெங்கும் பரப்பியது.

இரு சொற்களுக்கு நடுவே நட்சத்திரக் குறியிட்டால் இரண்டும் சேர்ந்துள்ள பதிவுகளும், கூட்டல் குறியிட்டால் ஏதேனும் ஒன்றுள்ள பதிவுகளும் கிட்டும். சொல்லின் முற்பகுதியைத் தட்டி ஈற்றில் டாலர் குறி வைத்தாலோ, அவ்வாறு தொடங்கும் பதங்கள் யாவும் திரண்டு வரும். எத்துணை எளிய, அழகிய ஏற்பாடு!

பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டாமல், எப்பதம் எப்பதிவில் உளது என்று அகர வரிசையில் முன்கூட்டியே தயாரித்த அட்டவணையை நாடியதே அம்மென்பொருளின் தேடல் வேகத்தின் ரகசியம். இன்றைய மகத்தான தேடுபொறிகளுக்கும் அத்தகைய அட்டவணையே அஸ்திவாரம்.