ஆறாவது சட்டை

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2013-ல் வெளியிட்ட ‘மான்ஸ்டர் ஹன்டர் 4’ என்னும் காணொளி விளையாட்டில் கோர் மகாலா என்றொரு டிராகன் வரும். கன்னங்கரிய உடல்; முகத்தில் கண் கிடையாது. பருவம் முற்றியதும் அந்தக் கரிய தோல் பிளந்து, பொன்னாக மின்னும் வேறொரு டிராகன் உள்ளிருந்து எழும். சகாரு மகாலா என்று அதற்குப் புதுப்பெயர். திரையில் அதைக் காணும் பிள்ளைகள் வாயடைத்துப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோயில் தூணில் யாளியைக் கண்டு மெய்ம்மறந்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தானே அவர்கள்!

ஆனால் கறுப்பாய்ப் பிறந்து, சட்டை சட்டையாய் உரித்து வெளுத்து, முடிவில் ஒளிரும் இழையொன்றைத் தன்னைச் சுற்றியே பின்னிக்கொள்ளும் உயிர் மெய்யாகவே நம்மிடையே இருக்கிறது. கமண்டல நாகநதிக் கரையில் ஆரணியிலும், அதைச் சூழ்ந்த தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களிலும், தறியில் கால் மிதிக்க, நாடா இடமும் வலமும் ஓட, பொழுது விடிவதும் சாய்வதும் அந்த உயிரின் எச்சிலை நம்பித்தான். எச்சில் என்றது மிகையன்று; பட்டுச் சுரப்பி என்பது உருமாறிய உமிழ்நீர்ச் சுரப்பியே. முகூர்த்தச் சேலையை விரலால் தடவி, ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை பேசுகிற நாம், பட்டுப்புழுவை நினைப்பதில்லை.

முட்டையை விட்டு வரும்போது அதன் நீளம் மூன்று மில்லிமீட்டர் அளவுதான். எறும்பென்று எண்ணி ஊதித் தள்ளிவிடுவோம். எடை அரை மில்லிகிராமைத் தாண்டாது. அந்தத் துளி உயிர், மல்பெரி இலையை மட்டுமே தின்று, ஏறத்தாழ 25 நாளில் பத்தாயிரம் மடங்கு எடை கூடுகிறது. மூன்று கிலோவில் பிறந்த நம் வீட்டுக் குழந்தை அதே கணக்கில் வளர்ந்தால், மாதம் முடிவதற்குள் 30 டன் எடையோடு தொட்டிலில் கிடக்கும்.

இப்படி வளர்கிற உடலுக்கு அதன் தோல்தான் இடைஞ்சல். புழுவுக்கு எலும்பில்லை, தோலே அதன் எலும்பு, தோலே அதன் கோட்டை. ஓரளவு வரைதான் அது விரிந்து கொடுக்கும். தலையை மூடிய ஓடோ விரியவே விரியாது. ஆகவே நான்கு முறை, குறித்த காலத்தில், புழு தின்பதை நிறுத்துகிறது. இரவும் பகலும் சலசலவென்று இலையை அரைத்த வாய் மூடிக்கொள்கிறது. மெல்லிய பட்டிழையால் தன் கால்களைப் படுக்கையோடு பிணைத்துக்கொண்டு, தலையை வானோக்கி உயர்த்தி, அசையாமல் நிற்கிறது. தவக்கோலம் என்று சொன்னால் அறிவியல் படித்தவர்கள் சிரிக்கலாம். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே அசைவில்லாத அந்த ஒரு நாளில் உள்ளே நடப்பதை நினைத்தால் உடல் சிலிர்க்கிறது. தோலுக்கு அடியிலுள்ள உயிரணுக்கள் பழைய தோலை விட்டு விலகுகின்றன. அந்த இடைவெளியில் ஒரு திரவம் சுரக்கிறது. தோலையே கரைக்க வல்ல நொதிகள் அதில் உண்டு. ஆனால் சுரந்தவுடன் அவை வேலையைத் தொடங்குவதில்லை. புதிய தோலின் மேல் நுண்ணிய காப்புப் படலம் ஒன்று படியும் வரை உறங்கிக் கிடக்கின்றன. படலம் படிந்த பிறகே விழித்து, பழைய தோலின் உட்புறத்தைக் கரைக்கின்றன. கரைந்தது வீணாவதில்லை. உடல் அதை உறிஞ்சிப் புதிய தோலுக்கே மூலப்பொருளாக்கிக்கொள்கிறது. கடைசியில் நம் கண்ணுக்குத் தெரியும் சருகு போன்ற சட்டை, சாரமெல்லாம் எடுத்துக்கொண்ட பின் மிஞ்சிய சக்கைதான்.

புதிய தலை, பழைய தலைக்குப் பின்னால் உருவாகியிருக்கும். பழைய தலை ஓடு தனியே கழன்று விழும். உடலை அலையலையாய்ச் சுருக்கி விரித்து, சட்டையைப் பின்னோக்கித் தள்ளியபடி புழு முன்னே நகர்ந்து வெளியேறும். தோல் மட்டுமா கழல்கிறது? பக்கத்துக்கு ஒன்பதாக உள்ள மூச்சுத்துளைகளின் வழியே, உள்ளே கிளைவிட்டுப் பரந்த காற்றுக்குழாய்களின் உள்ளுறையும் உருவப்பட்டு வருகிறது. குடலின் முன்பகுதி, பின்பகுதி உறைகளும் கழல்கின்றன. பாம்பு சட்டை உரிக்கையில் கண்ணின் மேலுள்ள கண்ணாடி போன்ற மூடியும் சேர்ந்து வருவதை வியந்து பேசுகிறோம். இங்கே ஓர் உயிர் மூச்சு விடும் வழியையே கழற்றிப் புதுப்பித்துக்கொள்கிறது. எந்த விளையாட்டு நிறுவனத்தின் கற்பனையும் டிராகனுக்கு இதைக் கொடுத்ததாக நான் பார்த்ததில்லை.

“இப்போது உரி” என்று கட்டளையிடுவது எது? ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனண்டும் பீட்டர் கார்ல்சனும் அதைத் தேடினார்கள். 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 1954-ல் அவர்கள் பிரித்தெடுத்தது 25 மில்லிகிராம் படிகம். எக்டைசோன் என்று பெயரிட்டார்கள். அரை டன் உயிர்ப்பொருளில் ஒரு சிட்டிகைக்கும் குறைவான கட்டளை! அடுத்த சட்டை புழுவின் சட்டையா, கூட்டுப்புழுவின் சட்டையா என்பதைத் தீர்மானிப்பது வேறொரு சுரப்பு, இளமை ஹார்மோன். அது இரத்தத்தில் இருக்கும் வரை புழு புழுவாகவே வளரும். அது வடிந்ததும் பருவம் மாறும்.

புழு வளர்க்கும் உழவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியவேண்டியதில்லை. தோலுரிப்புக்கு அமர்ந்த புழுக்களைக் கண்டதும் இலை போடுவதை நிறுத்தி, படுக்கை ஈரம் உலரச் சுண்ணாம்புத் தூளைத் தூவி, தொடாமல் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான புழுக்கள் எழுந்த பிறகுதான் மறுபடி இலை. அப்போது எழுந்த புழு வெளிறியிருக்கும்; தலை மட்டும் பெரிதாக, தோல் தொளதொளவென்று மடிப்பு விழுந்திருக்கும். நாளை வளரப்போகும் அளவுக்கு இன்றே தைத்த சட்டை. சற்று அழுத்திப் பிடித்தாலும் காயம் படும் வேளை அது. வளரும் பிள்ளை பேச்சைக் குறைத்து ஒதுங்கி உட்கார்ந்தால் பதறிப்போகும் நாம், புழு வளர்ப்பு மனையில் அரைநாள் நின்றுவிட்டு வரலாம்.

நான்காவது சட்டை கழன்றபின் வருவது பெரும்பசி. வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்கை இந்தப் பருவத்தில்தான் தின்று தீர்க்கும். பிறகு தலையை எட்டு வடிவில் அசைத்து அசைத்து, அறுபடாத ஒற்றை இழையால் இரண்டு மூன்று நாளில் கூட்டை முடிக்கும். நல்ல இனமானால் இழையின் நீளம் ஆயிரம் மீட்டருக்கு மேல். கூட்டுக்குள், யார் கண்ணும் படாமல், ஐந்தாவது சட்டை கழல்கிறது. கூட்டை அறுத்துப் பார்த்தால் பழுப்பான கூட்டுப்புழுவின் அருகே சுருங்கிய அந்தச் சட்டை ஒட்டிக்கிடக்கும்.

ஆறாவதை உரித்து அந்துப்பூச்சியாக வெளிவரும் பேறு, முட்டைக்காக ஒதுக்கிய விதைக்கூடுகளுக்கு மட்டுமே. பூச்சி ஒரு நீரைச் சுரந்து கூட்டின் பசையை இளக்கி வழி செய்துகொள்ளும். பறக்காது, தின்னாது, நானூறு ஐந்நூறு முட்டை இட்டுச் சில நாளில் மடியும். அது துளைத்துச் சென்ற கூட்டில் தொடர் இழை கிடைக்காது. அதனால் மற்றக் கூடுகளிலுள்ள உயிர்கள் ஆறாவது சட்டைக்கு முன்பே வெப்பத்தில் கொல்லப்படுகின்றன. ஒரு சேலைக்கு அப்படி ஆயிரக்கணக்கான கூடுகள். இதை மறைத்துவிட்டுப் பட்டின் அழகைப் பேசுவது நேர்மையாகாது.

புழு உரிக்காத அந்தச் சட்டையை அதன் இழை உரிக்கிறது. கச்சாப்பட்டு மங்கலாக, விறைப்பாக இருக்கும். உள்ளிருக்கும் ஃபைப்ரோயின் இழைகளைச் செரிசின் என்னும் பசை போர்த்தியிருப்பதே காரணம். சோப்பு நீரில் கொதிக்கவைக்கும்போது அந்தப் போர்வை கரைந்தோடி, நாம் பட்டென்று அறிந்த பளபளப்பும் குழைவும் வெளிப்படுகின்றன. சாயம் ஏறுவதும், பாவாகித் தறிக்குப் போவதும் அதற்குப் பிறகுதான். இதில் எடை கால் பங்கு வரை குறையும். ஒரு கிலோவாகத் தொட்டிக்குள் இறங்கிய நூல் முக்கால் கிலோவாகத் திரும்பினால் யாரும் யாரையும் சந்தேகிப்பதில்லை.